ஈரம் காயாத கால்கள்

சங்கு குளிக்கிறவர்களிடம் பேச வேண்டுமென்றால் திரேஸ்புரத்துக்குப் பிற்பகலில் போக வேண்டும். விடியும் முன் கிளம்பிய வள்ளங்கள் அப்போதுதான் ஒவ்வொன்றாகக் கரை பிடிக்கும். சாக்கிலிருந்து சங்குகளைக் கொட்டி, அளவு பார்த்துப் பிரித்து, வியாபாரி கணக்கு எழுதி முடிப்பதற்குள் குளியாளிகள் ஒரு டீயை வாங்கிக்கொண்டு மணலில் உட்கார்ந்துவிடுவார்கள். இந்தச் சங்குகளில் பெரும்பகுதி வங்காளத்துக்குப் போய் மணமான பெண்களின் கைவளையாகும். அதைப் பற்றி எழுதியவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் பார்க்கப் போனது இவர்களுடைய கால்களையும் காதுகளையும்.

தூத்துக்குடிக் கடற்கரையில் ஆறாத புண்ணுக்கும் விடாத சொறிக்கும் ஆளுக்கொரு மருந்து சொல்வார்கள். ஓலையில் எழுதியது, பாட்டி சொன்னது, பக்கத்துத் தெரு மெடிக்கலில் கொடுத்தது, கோயிலில் வாங்கி வந்தது என எல்லாம் ஒரே வீட்டு மாடக்குழியில் சண்டையில்லாமல் இருக்கும். இவற்றில் எது வேலை செய்கிறது, எது வெறும் ஆறுதல், எது ஆளையே கவிழ்க்கும் என்று முத்துக்குளித்துறை நெடுகப் பார்த்துக்கொண்டே போவதுதான் இந்தப் பயணத்தின் திட்டம்.

முதலில் பேசக் கிடைத்தவர் இடது காதில் பஞ்சு வைத்திருந்தார். நாற்பது வயதிருக்கும். டயருக்குக் காற்றடிக்கும் கம்ப்ரசரிலிருந்து குழாய் வழியாகக் காற்று வாங்கிக்கொண்டு எட்டுப் பத்துப் பாகம் ஆழத்தில் சங்கு தேடுகிறவர்.

“காது எப்பவும் இப்படித்தான் அண்ணாச்சி. தண்ணி எறங்கிட்டா சீழ் வைக்கும். நல்லெண்ணெயில பூண்டத் தட்டிப் போட்டுக் காய்ச்சி ஊத்துவோம். ரெண்டு நாள் சும்மா கெடக்கும். பெறவு திரும்ப எறங்குவோம்.”

பூண்டை ஏளனம் செய்ய முடியாது. பூண்டுப் பல்லை நசுக்கும்போது உண்டாகும் அல்லிசின் என்னும் பொருள் பல கிருமிகளைக் கொல்லும். ஆய்வகங்களில் நூறு தடவை பார்த்துவிட்டார்கள். ஆனால் எண்ணெயில் போட்டுக் காய்ச்சினால் அதில் பெரும்பங்கு சூட்டிலேயே போய்விடும். காதில் இறங்குவது பூண்டு வாசம் அடிக்கும் வெதுவெதுப்பான எண்ணெய்தான். அந்தச் சூடு வலிக்கு இதமாக இருக்கும், அதை மறுப்பதற்கில்லை. ஆழத்தில் மாறி மாறி அழுத்தம் பட்டுச் செவிப்பறை கிழிந்திருந்தால்தான் சங்கடம். எண்ணெய் நடுச்செவிக்குள் இறங்கும், ஈரத்தைப் பூட்டி வைக்கும், காளானுக்கும் இடம் கொடுக்கும். காதில் எண்ணெய் விடாதீர்கள் என்று காது மூக்கு தொண்டை மருத்துவர்கள் தலைபாடாக அடித்துக்கொள்வது இதற்காகத்தான். சீழ் வடியும் காது உலர வேண்டும். கடலில் இறங்காமல் சில வாரம் இருக்க வேண்டும். இதைச் சொன்னதும் அவர் சிரித்தார். அவரோடு வள்ளத்தில் போகும் மற்றவர்களும் சிரித்தார்கள்.

இன்னொருவர் வேட்டியைச் சற்று ஒதுக்கித் தொடையிடுக்கில் வளையம் வளையமாகப் படர்ந்த தாமரையைக் காட்டினார். இந்தப் படர்தாமரை ஒரு காலத்தில் சாதாரணமாக ஒரு களிம்புக்கு மசிந்த சரக்கு. இன்று இந்தியா முழுவதும் தோல் மருத்துவர்களை இது அலைக்கழிக்கிறது. வழக்கமான மருந்துக்குப் பணியாத ஒரு பூஞ்சை இனத்துக்கு 2020-இல் ‘டிரைகோஃபைட்டன் இண்டோட்டினியே’ என்று பெயரே வைத்துவிட்டார்கள். நம் நாட்டின் பெயர் அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சீட்டில்லாமல் கடையில் விற்கும் கலவைக் களிம்புகளுக்கு இதில் பெரிய பங்கு உண்டு. அவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். தடவிய அன்றே அரிப்பு நிற்கும். பூஞ்சை மட்டும் உள்ளே சுகமாக வளரும். எங்கள் ஊர்ப்பக்கம் வேலியோரத்தில் மஞ்சள் மெழுகுவர்த்தியாகப் பூத்து நிற்கும் சீமை அகத்தியின் இலையை அரைத்துப் பூசுவது பழைய வழக்கம். சித்த மருத்துவப் பிரிவுகளில் அதையே களிம்பாகக் கொடுக்கிறார்கள். கடைக் களிம்போடு ஒப்பிட்டால் இலை அரைப்பவர் பிழைத்தார் என்பேன். குறைந்தபட்சம் அது நோயை மறைத்து வைத்து வளர்ப்பதில்லை. எந்த மருந்தானாலும் உப்புத் தண்ணீரில் நனைந்த துணியை நாள் முழுக்க இடுப்பில் கட்டியிருப்பவருக்கு அரைப் பலன்தான் கிடைக்கும்.

மணலில் உட்கார்ந்திருந்த முதியவர் ஒருவர் சொன்னது மட்டும் கேள்வியில்லாமல் சரி. திருக்கை வால் முள் தைத்தால் பொறுக்கிற சூட்டில் வெந்நீரில் காலை வைக்கச் சொல்வாராம், “உயிர் போற மாரி கடுக்கும், வெந்நியில வச்சா வடியும்” என்று. திருக்கை நஞ்சு சூட்டில் குலையும் புரதம். உலகெங்கும் அவசர சிகிச்சைப் புத்தகங்களில் இன்றும் முதல் வரியாக இதுதான் இருக்கிறது. இதில் கைமருந்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் பேதமில்லை. அதற்குப் பிறகு முள்ளின் துண்டு உள்ளே தங்கிவிட்டதா என்று பார்ப்பதிலும் டி.டி. ஊசி போடுவதிலும்தான் பிசகுகிறார்கள்.

இந்தக் கரைக்குப் புண்ணும் சீழும் புதிதல்ல. முத்துச் சலாபம், அதாவது முத்துக்குளிப்பு, என்றதும் நாம் பாண்டியரின் கொற்கை, ரோமாபுரிக்குப் போன முத்து, பட்டுத்துணியில் கொட்டிய வெண்மணிகள் என்றுதான் நினைக்கிறோம். கொற்கை இப்போது கடலிலிருந்து ஆறேழு கிலோமீட்டர் உள்ளே தள்ளி, வாழைத் தோட்டங்களுக்கு நடுவே கிடக்கிறது. அங்கே முத்தெடுக்க மூழ்கியவர்கள் தண்டனைக் கைதிகள் என்று கி.பி. முதல் நூற்றாண்டின் கிரேக்க மாலுமிக் குறிப்பு ‘பெரிப்ளூஸ்’ சொல்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் வந்த மார்க்கோ போலோ, சுறாவின் வாயை மந்திரத்தால் கட்டுகிறவர்களுக்கு எடுத்த முத்தில் இருபதில் ஒரு பங்கு கூலி என்று எழுதி வைத்தார். கடல் கட்டி என்று இங்கே பெயர் கொண்ட அந்த ஆட்கள் ஆங்கிலேயர் காலத்திலும் சம்பளம் வாங்கினார்கள். சுறாவுக்கு ஆள் இருந்தது. சிப்பி கிழித்த கைக்கு யார் இருந்தார்கள் என்பது எந்தக் குறிப்பிலும் எளிதில் அகப்படுவதில்லை.

சலாபம் நடக்கும் பங்குனி சித்திரை மாதங்களில் வெறும் மணல்மேட்டில் ஆயிரக்கணக்கானோர் கூடி ஒரு தற்காலிக ஊரே எழும்பும். தொள்ளாயிரம் பார் போன்ற முத்துப் பார்களிலிருந்து வந்த சிப்பிகளை ஒவ்வொன்றாகத் திறப்பது கட்டுப்படியாகாது. வேலியடைத்த கொட்டில்களில் குவித்து, அழுக விட்டு, ஈ மொய்த்துப் புழு வைத்துச் சதையைத் தின்று முடித்ததும் கடல்நீரில் அலசி அடியில் தங்கும் முத்தைப் பொறுக்குவார்கள். காற்று திரும்பினால் அந்த நாற்றம் மைல்கணக்கில் போகும். வாந்திபேதி கண்டு பாதியில் கலைந்த சலாபங்களும் உண்டு.

இங்கே ஒரு வேடிக்கையைச் சொல்லாமல் போக முடியவில்லை. முதல் உலகப்போரில் நாள்கணக்கில் களத்தில் கிடந்த சிப்பாய்களின் புழு வைத்த புண்கள் எதிர்பாராதபடி சுத்தமாக இருந்ததைக் கண்ட வில்லியம் பேயர் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர், பிற்பாடு புழுவையே மருந்தாக்கினார். ஆய்வகத்தில் கிருமி நீக்கி வளர்த்த ஈப் புழுக்கள் செத்த சதையை மட்டும் தின்னும், உயிருள்ளதை விட்டுவிடும். 2004-இல் அமெரிக்க அரசு இதை முறைப்படி அனுமதித்தது. சிப்பிச் சதையிலிருந்து முத்தைப் பிரித்த அதே வேலைதான். ஆனால் நம் வீட்டு ஈ கொண்டுவரும் புழு கிருமியோடுதான் வரும். அதை யாரும் புண்ணில் விட்டுப் பார்க்க வேண்டாம்.

முத்தும் மருந்துதான். ஊசி துளைக்க முடியாத பொடி முத்துகள் வைத்தியருக்குப் போயின. முத்துப் பற்பம், முத்துச்சிப்பிப் பற்பம், சங்கு பற்பம் எல்லாம் சித்த மருத்துவத்தில் இன்றும் வழக்கில் உள்ளவை. வேதியியல் கணக்கில் மூன்றும் சுண்ணாம்புச் சத்து. வயிற்று எரிச்சலுக்கு அது வேலை செய்வதில் அதிசயமில்லை. கிருமிக்கு என்று யாராவது விலை சொல்லி விற்றால் நான் வாங்கமாட்டேன். தூத்துக்குடியில் கடைசியாகச் சலாபம் நடந்தது 1961-இல். 1973-இல் இங்குள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தில் கே. அழகர்சாமி குழுவினர் வளர்ப்பு முத்து எடுத்துக் காட்டினார்கள். அதன் பிறகும் பார்கள் பழையபடி நிறையவில்லை.

தேடி வந்த சரக்கு ஸ்ரீவைகுண்டம் சாலையில் ஒரு வைத்தியர் வீட்டுப் பின்கட்டில் கிடைத்தது. தெற்கத்திச் சித்த வைத்தியத்தில் ஆறாத புண்ணுக்கு முதல் பெயர் மத்தன் தைலம். மூன்றே சரக்கு: ஊமத்தை இலைச் சாறு, தேங்காய் எண்ணெய், துருசு. துருசு என்பது மயில்துத்தம், நீலக் கற்கண்டுபோல் இருக்கும் செம்பு உப்பு.

இலையை அரைத்துத் துணியில் இட்டு முறுக்கிப் பிழிந்தார். கறுத்த பச்சையில் சாறு இறங்கியது. அந்த வாடை மூக்கை அறுக்கும். துருசைப் பொடித்துச் சாற்றில் கரைத்து மண்சட்டியிலிருந்த எண்ணெயோடு சேர்த்தார். விறகைப் பின்னுக்கு இழுத்து, தீயைச் சிறிதாக்கிவிட்டுக் காத்திருந்தோம். எண்ணெய்க்குள் நீர் அடைபட்டுச் சடசடக்கும் சத்தம் மெல்லக் குறைந்தது. அடியில் திரண்ட கசடைக் கரண்டி நுனியில் எடுத்து இரண்டு விரலுக்கிடையில் உருட்டிப் பார்த்தார். பிறகு அதைத் தணலில் சுண்டினார். சடசடக்காமல் எரிந்தது.

“நீர் இருந்தா வெடிக்கும். வெடிச்சா எறக்கக் கூடாது, பூசணம் புடிச்சிரும்,” என்றார்.

வடிகட்டிய எண்ணெய் பாசிப் பச்சை. திரேஸ்புரத்துப் பெட்டிக்கடையில் பழைய சிரப் பாட்டிலில் நான் பார்த்த அதே நிறம்.

தூத்துக்குடியில் உட்கார்ந்து செம்பைப் பற்றிச் சாதாரணமாகப் பேச முடியாது. செம்பு உருக்காலையை எதிர்த்து நடந்த போராட்டத்தில் 2018 மே மாதம் 13 பேர் துப்பாக்கிச் சூட்டில் செத்த ஊர் இது. ஆனால் கிருமிகளுக்கும் செம்பு எமன் என்பது உண்மை. செம்பு அயனிகள் பாக்டீரியாவின் சவ்வைக் குலைத்துப் புரதங்களைக் கெடுக்கின்றன. ஆஸ்பத்திரிக் கதவுக் கைப்பிடிகளைச் செம்புக் கலவையில் செய்தால் கிருமி குறைகிறது என்று மேலைநாடுகளிலும் செய்து பார்த்திருக்கிறார்கள். ஆகவே மத்தன் தைலத்துக்கு ஓர் அடிப்படை இருக்கிறது. ‘சித்தர் சொன்னது’ என்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டிய அவசியமில்லை. அதே மூச்சில், ஊமத்தையில் அட்ரோபின், ஸ்கோபோலமின் என்னும் நஞ்சுகள் உண்டு. துருசு வயிற்றுக்குள் போனால் ஈரலையும் சிறுநீரகத்தையும் தாக்கும் என்பதையும் சொல்ல வேண்டும். இது வெளிப்பூச்சு மட்டுமே. உள்ளங்கை அகலத்துக்கு மேல் வெந்த புண்ணிலும் குழந்தையின் தோலிலும் இதைத் துணிந்து பூசுவதை அந்த வைத்தியரே ஏற்கவில்லை.

அவரிடம் எனக்குப் பிடித்தது வேறொன்று. காலில் கட்டுப்போட வந்த பெரியவரிடம் புண்ணைப் பார்க்கும் முன்பே, “சர்க்கரை எம்புட்டு?” என்று கேட்டார். சீட்டை வாங்கிப் படித்தார். திரிபலாக் கஷாயத்தில் புண்ணைக் கழுவிவிட்டு எண்ணெயில் நனைத்த துணியை வைத்தார். அடுத்து வந்தவரின் கால்விரல் நுனி கறுத்திருந்தது. அதைத் தொடவே இல்லை. “இது என் கையில இல்ல தாத்தா, இன்னைக்கே பெரியாஸ்பத்திரிக்குப் போயிருங்க,” என்று மகனை அழைத்து ஆட்டோவுக்குச் சொன்னார். பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரி ஒரு மணி நேரப் பயணத்தில் இருப்பதால் இந்தப் பக்கத்து வைத்தியர்களுக்கு எல்லை தெரிகிறதோ என்னவோ. எல்லை தெரியாதவர்களும் இதே சாலையில் பலகை மாட்டியிருக்கிறார்கள்.

பழைய மருந்தைச் சோதித்துப் பார்ப்பது எப்படி என்பதற்கு இங்கிலாந்தில் ஓர் அழகான உதாரணம் இருக்கிறது. ஆயிரம் ஆண்டுப் பழமையான ஓர் ஆங்கிலோ சாக்சன் ஏட்டில் கண்கட்டிக்கு ஒரு மருந்து உண்டு: பூண்டு, வெங்காய வகை ஒன்று, திராட்சை மது, மாட்டுப் பித்தநீர் இவற்றைச் சேர்த்து ஒன்பது நாள் ஊற வைப்பது. நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் பழைய மொழி படிக்கும் கிறிஸ்டினா லீயும் நுண்ணுயிரியல் படிக்கும் ஃப்ரெயா ஹாரிசனும் குழுவாகச் சேர்ந்து, ஏட்டில் உள்ளபடி அதைக் கிண்டினார்கள். எம்.ஆர்.எஸ்.ஏ. என்னும் முரட்டுக் கிருமி படிந்த எலிப் புண் திசுக்களில் அது 90 சதவீதம் வரை கொன்றதாக 2015-இல் வெளியிட்டார்கள். சரக்குகளைத் தனித்தனியாகப் போட்டால் அந்த வீரியம் இல்லை. சேர்மானமும் ஒன்பது நாளும் இருந்தால்தான் உண்டு. பதம் பார்க்கத் தணலில் கசடைச் சுண்டிய வைத்தியருக்கு இது ஆச்சரியமாக இருக்காது. இணையத்தில் இரண்டு சரக்கை மாற்றிச் சொல்கிறவர்கள்தான் இதைப் படிக்க வேண்டும்.

திருச்செந்தூர் பஸ் புன்னைக்காயல் விலக்கைத் தாண்டும்போது இறங்கலாமா என்று யோசித்து இறங்கியே விட்டேன். தாமிரபரணி கடலில் கலக்கும் இடம். தமிழ் எழுத்தில் 1578-இல் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ நூலுக்காக நாம் நினைவு வைத்திருக்கும் அண்டிரிக் அடிகளார், பதினாறாம் நூற்றாண்டில் இங்கே ஒரு மருத்துவமனையும் நடத்தினார். அதன் சுவடு ஏதும் கண்ணில் படவில்லை. ஐஸ்பெட்டி ஏற்றும் வண்டிகளும் கழிமுகத்துச் சேறும்தான்.

திருச்செந்தூரில் பன்னீர் இலையில் வைத்துத் தரும் விபூதியை வாங்கி நெற்றியில் இட்டுக்கொண்டு, மீதியை மடித்து வீட்டுக்கு எடுத்துப்போகாதவர்கள் குறைவு. தோல்நோய் தீரும் என்ற நம்பிக்கை வலுவானது. நாழிக்கிணற்றில் குளித்துவிட்டு நடந்து வந்த ஒரு பெண்மணி, மகனின் காலில் இருந்த கரப்பானைக் காட்டி, “தோல் டாக்டர் மருந்தும் போடுதோம், முருகன் விபூதியும் போடுதோம்,” என்றார். இரண்டையும் போடும்வரை எனக்கு ஆட்சேபம் ஒன்றுமில்லை.

தோலில் தொடங்கி மனிதனைத் தின்னும் நோயான தொழுநோய்க்கு நம்மிடம் இருந்த எண்ணெய்தான் இயற்கை மருந்து உலகத்தில் எவ்வளவு தூரம் போக முடியும் என்பதற்குச் சாட்சி. மேற்குத் தொடர்ச்சி மலையில் விளையும் நீரடிமுத்தின் கொட்டை எண்ணெயும், கிழக்கே அதன் உறவு மரங்களின் சால்மூக்ரா எண்ணெயும் நூற்றாண்டுகளாகக் குட்டத்துக்குக் கொடுக்கப்பட்டன. குடித்தால் குமட்டும், ஊசியாகப் போட்டால் கட்டி கட்டியாக நிற்கும். 1915-16 வாக்கில் ஹவாயில் ஆலிஸ் பால் என்ற இளம் கறுப்பினப் பெண் வேதியியலாளர் அதை உடலில் கரையும் ஊசிமருந்தாக்கும் வழி கண்டார். இருபத்துநான்கு வயதில் இறந்தும் போனார். 1940-களில் சல்போன் மருந்துகள் வரும்வரை உலகம் முழுக்கத் தொழுநோய்க்கு இந்த எண்ணெய்தான். செங்கல்பட்டில் பணியாற்றிய ராபர்ட் காக்ரேன் அந்தப் புது மருந்தை இந்தியாவில் தொடங்கிவைத்தவர்களில் முக்கியமானவர். நீரடிமுத்து சிலருக்குக் குணம் தந்தது, பலருக்குத் தரவில்லை. அதைவிட நல்லது வந்ததும் வைத்தியர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். அதில் யாருக்கும் மரபு கெட்டுப்போகவில்லை.

இயற்கை மருந்து, இங்கிலீஷ் மருந்து என்று இரண்டு கட்சியாகப் பேசுகிறவர்களிடம் சர்தீனியாக் கதையைச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். இத்தாலியின் அந்தத் தீவில், கால்யாரி நகரில் சாக்கடை கடலில் விழும் இடத்துக்கு அருகே பிள்ளைகள் குளித்தும் டைஃபாய்டு அவ்வளவாக வராதது ஏன் என்று யோசித்த ஜுசெப்பே புரோட்சு, 1945-இல் அந்தக் கடல்நீரில் ஒரு பூஞ்சையைப் பிடித்தார். அதிலிருந்து கிளைத்ததுதான் செஃபலோஸ்போரின் குடும்பம். தூத்துக்குடி ஆஸ்பத்திரி எதில் வேண்டுமானாலும் காலில் சீழ் என்று படுத்தவருக்குக் கையில் ஏறும் செஃப்ட்ரியாக்சோன் அந்தக் குடும்பத்துப் பிள்ளை. சாக்கடை கலந்த கடல்நீரைவிட இயற்கையான இடம் உண்டா?

எந்த மருந்துக்கு எந்தக் கிருமி பணியும் என்று ஆய்வகத்தில் பார்க்கும் தட்டும் கடல் சரக்குதான். ஜெலட்டின் வெயிலில் உருகி ஆய்வைக் கெடுத்துக்கொண்டிருந்த 1881-இல், ராபர்ட் கோக் ஆய்வகத்து உதவியாளரின் மனைவி ஃபானி ஹெஸ்ஸே, தான் சமையலில் ஜாம் உறைய வைக்கும் அகரைப் போட்டுப் பார்க்கச் சொன்னார். அகர் பாசியிலிருந்து வருவது. மன்னார் வளைகுடாவில் பெண்கள் மூழ்கிப் பறிக்கும் மரிக்கொழுந்துப் பாசியும் அகர் ஆலைக்குத்தான் போகிறது. கட்டக்கோரைப் பாசியிலிருந்து ஆல்ஜினேட் எடுக்கிறார்கள். நீர் வடியும் புண்ணில் வைக்கும் விலை உயர்ந்த கட்டுத்துணிகளில் இருப்பது அந்த ஆல்ஜினேட்தான். பறிக்கிற பெண்களின் விரல்களில் சுற்றியிருப்பதோ கிழிந்த துணி.

மருந்துக்குப் பணியாத கிருமி என்பது நமக்குத் தூரத்துச் செய்தியும் அல்ல. என்.டி.எம்-1 என்னும் எதிர்ப்பு மரபணுவைப் பற்றி 2010-இல் உலகை உலுக்கிய கட்டுரையின் முதல் ஆசிரியர் சென்னையில் ஆய்வு செய்த கார்த்திகேயன் குமாரசாமி. அதில் சென்னை மாதிரிகளும் இருந்தன. மீனவர் கைக்கு உரிய பிடிவாதக்காரன் இன்னொருவன் உண்டு. மைக்கோபாக்டீரியம் மரைனம் என்று பெயர், காசநோய்க் கிருமிக்குச் சொந்தக்காரன். மீன் செதில் கிழித்த இடத்தில் வாரக்கணக்கில் பதுங்கியிருந்து கட்டியாக எழும்பும், கை வழியே மேலே ஏறும். சாதாரண ஆன்டிபயாட்டிக் ஐந்து நாளுக்கு அசையாது, மாதக்கணக்கில் மருந்து வேண்டும். அது குளிர்ச்சியை விரும்புவது. உடம்புச் சூட்டிலேயே அதற்குச் சிரமம். அதனால் சூட்டைத் துணைச் சிகிச்சையாக வைத்துப் பார்த்த மருத்துவர்கள் உண்டு. கட்டிக்கு ஒத்தடம் கொடுத்த கிழவிகள் சந்தோஷப்படலாம். ஆனால் விப்ரியோ வல்னிஃபிகஸ் என்று ஒன்று இருக்கிறது. ஈரல் கெட்டவர், சர்க்கரை முற்றியவர் புண்ணோடு கடல்நீரில் இறங்கினால் சில மணி நேரத்தில் கால் வீங்கிக் கொப்புளம் கறுக்கும். அப்போது ஒத்தடமும் தைலமும் தேடினால் அந்த நேரத்திலேயே ஆள் போய்விடும். கைமருந்தின் பெரிய ஆபத்து பெரும்பாலும் அதன் சரக்கில் இருப்பதில்லை. அது கடத்திவிடும் நேரத்தில் இருக்கிறது.

கடைசியாக அளத்துக்குப் போனேன். முத்தையாபுரத்தைத் தாண்டினால் சாலையின் இரு பக்கமும் பாத்தி பாத்தியாக வெள்ளை; குஜராத்துக்கு அடுத்தபடியாக நாட்டிலேயே அதிகம் உப்பு விளையும் மாவட்டத்தின் வயல். ராஜம் கிருஷ்ணன் இங்கே வந்து தங்கித்தான் ‘கரிப்பு மணிகள்’ எழுதினார். நாவல் வந்தது 1979-இல். பாத்தியில் இறங்கியிருக்கும் கால்கள் அன்றைக்கு இருந்ததைவிட மேலாக இருப்பதாகத் தெரியவில்லை.

உப்பு கிருமியைக் கொல்லுமே என்று படித்தவர்கள் கேட்பார்கள். கடல்நீரில் உப்பு மூன்றரை சதவீதம். ஏழரை சதவீத உப்பு கலந்த அகர் தட்டில் மற்ற கிருமிகள் சோர்ந்துவிட, சீழுக்குக் காரணமான ஸ்டாஃபிலோகாக்கஸ் மட்டும் ஜோராக வளரும். அதை அடையாளம் காண ஆய்வகங்கள் வைத்திருக்கும் தட்டே அதுதான். உப்பு படியும் பாத்தியில் அடர்த்தி கடல்நீரைப்போல ஏழு மடங்குக்கும் மேல். அந்தச் சாற்றில் அந்தக் கிருமியும் தளரும்தான். ஆனால் அதற்கு முன்பே தோல் தளர்ந்துவிடும். குதிகால் பாளம் பாளமாக வெடிக்கும், வெடித்த இடத்தில் உப்புக் கல் அறுக்கும். வீட்டுக்கு வந்து காலைக் கழுவிய பிறகு கிருமி நிதானமாகக் குடியேறும்.

வாருபலகையை ஓரம் சாய்த்துவிட்டு வரப்பில் உட்கார்ந்த ஓர் அம்மாவிடம் என்ன போடுவீர்கள் என்று கேட்டேன். ஐம்பதைத் தாண்டியிருப்பார்.

“மருதாணி அரைச்சு வெரல் இடுக்குல வைப்போம். தேங்கா எண்ணெயும் மஞ்சளும். ஆறலைன்னா அந்தப் பச்சை எண்ணெ. மாத்திரையும் முழுங்கியாச்சு. எல்லாம் கேக்கத்தான் செய்யுது, மறுநா காலையில திரும்ப அளத்துல எறங்குதோம்லா?”

“பூட்ஸ் போட்டுக்கலாமே அக்கா?”

“போட்டுப் பாத்தோம். உள்ள தண்ணி எறங்கிருது. நடக்கவும் முடியாது, பாத்தியும் கெட்டுப்போவுதுன்னு வைவாக.”

சேற்றுப்புண்ணுக்கு மருதாணி நல்ல யோசனை. அதன் சாயத்தில் இருக்கும் லாசோன் பூஞ்சைக்கு ஆகாதது. மஞ்சளும் தீங்கில்லை. பச்சை எண்ணெய்க்கும் நியாயம் இருக்கிறது. மாத்திரைக்கும் இருக்கிறது. இவை எல்லாவற்றுக்கும் தேவைப்படும் இன்னொரு சரக்கு, காலை உலர வைத்துக்கொண்டு சும்மா இருக்கப் பத்து நாள். குளியாளிகள் எதற்காகச் சிரித்தார்கள் என்பது இந்த வரப்பில் உட்கார்ந்தால் விளங்கும். பிடிவாதம் கிருமியிடம் இருப்பதாகத்தான் நூல்களும் மருந்துக் கம்பெனிகளும் சொல்கின்றன. எனக்கென்னவோ அதில் பாதி நாள்கூலியிடம் இருப்பதாகப் படுகிறது.

அந்த அம்மாவின் கால் எப்போது ஆறும் என்று கேட்டதற்குச் சட்டென்று பதில் வந்தது. “ஐப்பசி மழை விழுந்தா ஆறிரும். அளத்த மூடிருவாகள்ல.”

அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை உப்பு விளையாது, வேலையும் இல்லை. அந்த மழைக்காலத்துக்கென்று தமிழக அரசு சில ஆண்டுகளாக உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கு 5,000 ரூபாய் நிவாரணம் தருகிறது. மூன்று மாதத்துக்குப் பங்கு போட்டால் நாளுக்கு ஐம்பத்தைந்து ரூபாய்கூட வராது. இருந்தாலும் நான் பார்த்த வரையில் இந்தக் கரையில் ஆறாத புண்ணுக்கு அரசாங்கம் தரும் நேரடி மருந்து அதுதான். தொகையைக் கூட்டினால் வீரியமும் கூடும். அந்த அம்மாவுக்கு அதுவும் வருவதில்லை. ஆதாரில் ஒரு பிறந்த தேதி, ரேஷன் கார்டில் வேறொன்று. நலவாரியத்தில் பேர் ஏற்றத் திருத்தம் செய்துகொண்டு வரச் சொல்லியிருக்கிறார்களாம். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுத் தாலுகா ஆபீஸுக்குப் போக வேண்டும் என்று சொல்லிக்கொண்டே எழுந்து மறுபடியும் பாத்தியில் இறங்கினார்.